நாய்ப் பூங்காவின் தடைப் பாதை: எங்கே தொடங்குவது?

நாய்களுக்கென்று தனிப் பூங்கா என்பது நம் ஊர்களுக்குப் புதிது. ஹைதராபாத் கொண்டாப்பூரில் குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தை மாநகராட்சி சுமார் 1.1 கோடி ரூபாய் செலவழித்துச் சீராக்கி, 2018-இல் நாய்ப் பூங்காவாகத் திறந்தது. டில்லியிலும் நொய்டா, குருகிராம் பக்கமும் அப்படிப்பட்ட இடங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. உள்ளே போனால் சரிவுப் பலகை, சீசா, வளையம், குழாய், வரிசையாக நட்ட கம்பங்கள் இருக்கும். எதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லத்தான் அங்கே பெரும்பாலும் ஆள் இருக்காது.

இந்தத் தடைகள் வழியே நாயை ஓட வைக்கும் விளையாட்டுக்கு அஜிலிட்டி என்று பெயர். 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது வேண்டுமென்று கண்காட்சிக் குழு உறுப்பினர் ஜான் வார்லி யோசித்தார். பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லின் உதவியுடன், குதிரைகள் தடை தாண்டும் போட்டியை நாய்களுக்கு ஏற்ப மாற்றினார். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது; 1980-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதற்கு விதிகள் வகுத்தது. ஓடுவது நாய் என்றாலும், எந்தத் தடைக்குப் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கூடவே ஓடிச் சொல்வது வளர்ப்பவர். அதனால் ‘வா’, ‘நில்’ என்ற இரண்டுக்கும் கட்டுப்படாத நாயைத் தடைப் பாதையில் இறக்குவதில் பயனில்லை. முதல் சில வாரங்களை வெறும் தரையிலேயே செலவழியுங்கள்.

பூங்காவில் எல்லாரையும் முதலில் இழுப்பது ‘ஏ’ வடிவச் சரிவு. எனக்குப் பெரிய கவலையும் அதில்தான். ஏறுவதில் நாய்க்குச் சிரமமில்லை. உச்சியைத் தாண்டி இறங்கும்போதுதான் பாதியிலிருந்தே கீழே குதித்துவிடும். நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அந்தக் கால்கள் உடலோடு எலும்பு மூட்டால் இணைந்தவை அல்ல, தசைகளால் பிணைக்கப்பட்டவை. உயரத்திலிருந்து குதிக்கும் ஒவ்வொரு முறையும் தோளும் மணிக்கட்டும் அடி வாங்குகின்றன. சரிவின் அடிப்பகுதிக்கு வேறு நிறம் பூசியிருப்பது இதற்காகத்தான். உச்சி 1.7 மீட்டர் இருக்கும் போட்டிச் சரிவில் அந்த நிறப்பகுதி 106 சென்டிமீட்டர். இறங்கும்போது அதில் கால் படாவிட்டால் புள்ளி போய்விடும்.

அதனால் பயிற்சியைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். நாயைச் சரிவின் கீழ்ப்பகுதியில் பக்கவாட்டாக ஏற்றி நிறுத்துங்கள். முன்னங்கால் இரண்டும் தரையில், பின்னங்கால் இரண்டும் பலகையில் இருக்க, அந்த நிலையில் தின்பண்டம் கொடுங்கள். தின்பண்டத்தைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் தலை தானாகத் தாழும். ‘இங்கே நின்றால் கிடைக்கும்’ என்பது பதிந்த பிறகு, ஒவ்வொரு அடியாக மேலிருந்து இறக்குங்கள்.

தாண்டும் தடையில் கவனிக்க வேண்டியது குறுக்குக் கம்பி. போட்டியில் கால் பட்டதும் அது விழுந்துவிடும். இரும்புக் கம்பியைப் பற்றவைத்து விட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். தோள் உயரம் 48 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள நாய்களுக்குச் சர்வதேச அமைப்பான எஃப்.சி.ஐ. விதிப்படி தாண்டும் உயரம் 55 முதல் 60 சென்டிமீட்டர். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்த வகைதான். இது தேர்ந்த நாய்களுக்கான அளவு. பூங்காவில் கம்பியைத் தரையில் வைத்துத் தொடங்கினால் போதும். குட்டிகளைத் தாண்ட வைக்கவே கூடாது. எலும்பின் வளர்ச்சி முனைகள் மூட ஒரு வயதுக்கு மேல் ஆகும், பெரிய இனங்களுக்கு இன்னும் தாமதமாகும். எஃப்.சி.ஐ. போட்டியில் 18 மாதம் நிறையாத நாயைச் சேர்ப்பதில்லை. நீண்ட முதுகுள்ள டாக்ஸ்ஹண்ட், இடுப்பு மூட்டுக் கோளாறுள்ள லாப்ரடார் ஆகியவற்றுக்கு மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

குழாய்தான் எல்லா நாய்க்கும் நல்ல தொடக்கம். ஒருவர் இந்தப் பக்கம் நாயைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் அந்தப் பக்கம் குனிந்து, நாய்க்கு உங்கள் முகம் தெரியும்படி கூப்பிடுங்கள். சிமெண்ட் குழாயாக இருந்தால், மழைக்காலத்தில் உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். வளைந்து வளைந்து போகும் கம்பங்களுக்குப் பொறுமை வேண்டும். போட்டியில் பன்னிரண்டு கம்பம், இடைவெளி 60 சென்டிமீட்டர். முதல் கம்பம் எப்போதும் நாயின் இடத்தோள் பக்கம் இருக்க வேண்டும். இரண்டு கம்பத்தில் ஆரம்பியுங்கள். சீசாவைக் கடைசிக்கு வையுங்கள். பலகை திடீரென்று இறங்கி ‘டப்’ என்று தரையில் மோதும் சத்தத்தில் ஒருமுறை மிரண்ட நாய் மாதக்கணக்கில் அதன் பக்கம் வராது. பலகையின் நுனியைக் கையில் பிடித்து, நீங்களே மெதுவாக இறக்கிவிடுங்கள்.

தடையில் ஏறும்போது வாரைக் கழற்றிவிடுங்கள், மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகிவிடும். பாதையில் ஒரு நேரத்தில் ஒரு நாய் போதும். பல நாய்கள் சூழ்ந்திருக்கும்போது தின்பண்டத்தை வெளியே எடுத்தால் சண்டை நிச்சயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். டில்லியில் வளர்ப்பவர்கள், 1957-ஆம் ஆண்டு டில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399-ஆவது பிரிவின்படி நாயைப் பதிவு செய்வதும் கட்டாயம்.

டில்லியில் இந்தப் பயிற்சிக்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரி, மார்ச், பிறகு அக்டோபர். மே, ஜூனில் விடிந்த கையோடு போய்த் திரும்பிவிட வேண்டும். புறங்கையைப் பலகையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடலைத் தணிக்கிறது, அதனால் சப்பை மூக்குள்ள பக் இனத்துக்கு வெயில் ஆபத்து. எச்சில் கெட்டியாகி, ஈறு சிவந்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்கு ஓடுங்கள். நவம்பர், டிசம்பரில் புகைமூட்டம் கண்ணை எரிக்கும் நாளில் நாயையும் ஓட விடாதீர்கள்.

பத்து நிமிடம் ஓடினாலே போதும். திரும்பும்முன் சற்று நடக்கவிட்டு, தண்ணீர் கொடுத்து, விரல் இடுக்கு, காது மடல், கழுத்துப்பட்டைக்குக் கீழே எல்லாம் தடவி உண்ணி பாருங்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் டில்லியில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். இரண்டு நாள் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், ‘ஓடின களைப்பு’ என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.