நாய் குடித்த தண்ணீருக்கும் கணக்கு உண்டு!

கைக்குழந்தைக்குத் தாகம் எடுத்தால் அழும். பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தாகம் எடுத்தால் "அம்மா, தண்ணி!" என்று வாசலிலிருந்தே கத்துவான். வீட்டு நாய் என்ன செய்யும்? காலிக் கிண்ணத்தை ஒருமுறை முகர்ந்து பார்க்கும். பிறகு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனையோ அதுகூடச் செய்யாது.

இந்த வாயில்லா ஜீவன்கள் ஒரு நாளில் எத்தனை மில்லி தண்ணீர் குடித்தன என்று கணக்கு எழுதும் கிண்ணம் இப்போது வந்துவிட்டது. அந்தக் கணக்கு எஜமானரின் செல்போனுக்கு வந்து சேருகிறது. பணக்காரர் வீட்டு விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். இதில் உயிர் காக்கும் சங்கதி ஒன்று இருக்கிறது.

அதிகம் குடித்தால் ஆபத்தா?

"எங்கள் நாய் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். மிருக டாக்டர் காதில் இது விழுந்தால், "எவ்வளவு குடிக்கிறது?" என்று உடனே கேட்பார். நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

ஒரு நாய்க்கு, அதன் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை ஒரு நாளுக்குப் போதும். 10 கிலோ நாய்க்கு அரை லிட்டர், அல்லது அதற்குச் சற்று மேல். வெயில் காலத்தில் இது கூடும். ஆனால் வெயிலும் இல்லை, ஓட்டமும் இல்லை, அந்த 10 கிலோ நாய் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது என்றால் ஏதோ வியாதி என்று அர்த்தம். அது சர்க்கரை வியாதியாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். பெண் நாயாக இருந்தால், பருவம் வந்து போன சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். இந்தக் கடைசி வியாதியில் நாள் கடத்தினால் நாய் பிழைக்காது.

சிறுநீரகம் கெடும் விதம் பொல்லாதது. மூன்றில் இரண்டு பங்கு வேலை போன பிறகுதான் அது சிறுநீரைக் கெட்டியாக்க முடியாமல் தவிக்கும். தண்ணீர் அப்படியே வெளியே போகும். போன தண்ணீரை ஈடுகட்ட நாயும் பூனையும் மேலும் குடிக்கும். வெளியே தெரியும் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். சோறு வேண்டாம் என்பதும், வாந்தி எடுப்பதும், எலும்பு தெரிய இளைப்பதும் பிறகு வருபவை.

இந்த நேரத்தில் சில வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. "கூடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது, கிண்ணத்தை எடுத்து வை" என்று தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். இது மகா தவறு! சிறுநீரகம் கெட்ட பிராணிக்குத் தண்ணீரையும் நிறுத்தினால் சில நாட்களிலேயே படுத்துவிடும்.

பாலைவனத்துப் பேரன்

பூனையின் கதை வேறு. வீட்டுப் பூனையின் மூதாதை மத்திய கிழக்கின் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. 2007-ம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி இதை உறுதிசெய்தது. எலியைத் தின்று, எலியின் உடம்பில் உள்ள ஈரத்தாலேயே உயிர் வாழ்ந்த பரம்பரை அது. அதனால் பூனைக்குத் தாகம் எளிதில் தெரியாது.

மீனும் சோறும் தின்னும் பூனைக்கு இதனால் பெரிய கவலை இல்லை. மீனில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர் இருக்கிறது. கடையில் விற்கும் உலர்ந்த தீனியிலோ பத்தில் ஒரு பங்குதான். மீனிலிருந்து உலர்ந்த தீனிக்கு மாறிய பூனை, குறைந்த தண்ணீரையும் கணக்காகக் குடிக்காவிட்டால், ஆண் பூனைகளில் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

பூனை தண்ணீர் குடிப்பதே ஒரு வேடிக்கை. அது நாக்கைக் கரண்டி போல மடக்கி அள்ளுவதில்லை. நாக்கின் நுனியால் தண்ணீரைத் தொட்டு, வேகமாக மேலே இழுக்கிறது. கூடவே ஒரு மெல்லிய நீர்த்தூண் எழும்புகிறது. அது சரிவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது! ஒரு வினாடியில் நான்கு முறை இப்படிச் செய்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு வளர்ப்புப் பூனையைப் படம் பிடித்து, 2010-ல் இதைக் கண்டு சொன்னார்கள். ஒரு நக்கலில் வாய்க்குள் போவது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். கிண்ணத்தைக் கண்ணால் பார்த்து இதை எப்படிக் கணக்கிடுவது?

கேம்பிரிட்ஜில் பிறந்த கிண்ணம்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் நிக் ஹில் என்ற இயற்பியல் அறிஞர் இருந்தார். அவரிடம் ஃபிளிப்பர் என்று ஒரு பூனை. பக்கத்து வீட்டுப் பூனைகள் ஃபிளிப்பரின் வழியாக உள்ளே நுழைந்து தொல்லை கொடுத்தன. அவர் பூனையின் உடம்பில் உள்ள சிப்பைப் படித்து, சொந்தப் பூனைக்கு மட்டும் திறக்கும் கதவைச் செய்தார். அது ஒரு நிறுவனமாக வளர்ந்தது. 2020-ல் அந்த நிறுவனம் பூனைகளுக்கென்று ஒரு தண்ணீர்க் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எந்தப் பூனை வந்தது, எப்போது வந்தது, எவ்வளவு குடித்தது என்ற மூன்று விவரமும் செல்போனில் தெரியும்.

சிப் என்றதும் பயப்பட வேண்டாம். அரிசி மணி அளவுதான். அதில் பேட்டரி கிடையாது. கழுத்துக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஊசியால் வைப்பார்கள். உள்ளே இருப்பது 15 இலக்க எண் ஒன்றுதான். படிக்கும் கருவி அருகே வந்தால் அந்த எண்ணைச் சொல்லும். நாய் ஓடிப்போனால் எங்கே இருக்கிறது என்று அதனால் காட்ட முடியாது. பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னை மாநகராட்சி 2025-ம் ஆண்டில் வீட்டு நாய், பூனைகளுக்கு உரிமமும் சிப்பும் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. உரிமம் இல்லாவிட்டால் ரூ.5,000 அபராதம் என்றும் அறிவித்தது. முகப்பேரும் 2011 முதல் மாநகராட்சி எல்லையில், அம்பத்தூர் மண்டலத்தில் இருப்பதால் இந்த உத்தரவு அங்கும் பொருந்தும். அபராதத்துக்குப் பயந்து போட்ட சிப் தண்ணீர்க் கணக்குக்கும் உதவும் என்பது பலருக்குத் தெரியாது.

முகப்பேர் வீட்டில் செய்தால்...

சீமைக் கருவியை வாங்கித்தான் ஆக வேண்டுமா? முகப்பேரில் ஒரு குடும்பம் இதைத் தானே செய்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மகன் கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறான். வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் பகல் முழுவதும் தனியே இருக்கின்றன.

முதலில் வேண்டியது தராசு. மளிகைக் கடைக்காரர் பருப்பு நிறுக்கிறாரே, அந்த மின்னணுத் தராசுக்குள் ஓர் அலுமினியத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியும் நீளும். நீண்டால் அதில் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைக் கிராமாகப் படிக்கலாம். தண்ணீரில் ஒரு மில்லி என்றால் ஒரு கிராம். ஆகையால் வேறு கணக்கே வேண்டாம்! ரிச்சி தெருவில் இந்தத் துண்டும், எடையை எண்ணாக்கும் சிறு பலகையும், வைஃபை உள்ள ஒரு சில்லும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சிக்கல் இனிமேல்தான்.

கிண்ணத்துத் தண்ணீரை நாய் மட்டுமா குடிக்கிறது? மின்விசிறியும் குடிக்கிறது! 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கிண்ணத்தில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 31 மில்லி போய்விட்டது என்று பொருள். சித்திரை வெயிலில் நாள் முழுவதும் விசிறி சுழலும் அறையில் 4 மில்லிமீட்டர் ஆவியானால் 125 மில்லி. 10 கிலோ நாயின் தேவையில் இது கால் பங்கு. பூனையின் கிண்ணத்தில் இதைக் கழிக்காவிட்டால், ஒரு சொட்டும் தொடாத பூனை நன்றாகக் குடித்ததாகக் கருவி பொய் சொல்லும்.

இதற்கு வழி உண்டு. ஆவியாதல் மெதுவாக, ஒரே சீராக நடக்கும். குடிப்பது ஓரிரு நிமிடத்தில் நடக்கும். அப்போது நாக்கு பட்டுத் தராசு முள் துள்ளும். ஆகவே துள்ளல் தொடங்கும் முன் ஓர் எடை, துள்ளல் அடங்கிய பின் ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கணக்கில் சேர வேண்டும். எடை திடீரென்று ஏறினால் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். எடை பூஜ்யமானால் வேலைக்கார அம்மாள் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனார்.

பால்கனியில் கிண்ணம் வைத்தால் காக்கை வந்து குடிக்கும். இங்கேதான் சிப் உதவுகிறது. துள்ளல் உண்டு, சிப் எண் இல்லை என்றால் அது காக்கை! ஆனால் சிப்பை நாலு விரற்கடை தூரத்திலிருந்துதான் படிக்க முடியும். பூனை குனிந்தால் கழுத்து படிக்கும் வளையத்துக்குக் கிட்டே வரும். பெரிய நாய்க்கு வராது. அதற்குக் கழுத்துப் பட்டையில் ஒரு வில்லை கட்ட வேண்டும். நாய் தண்ணீரைச் சிந்தும் குணமும் உண்டு. சிந்தியதைப் பிடிக்க ஓர் அகன்ற தட்டை அதே தராசின் மேல் வைத்தால், வெளியே போன தண்ணீர் கணக்கில் ஏறாது.

எறும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்கம்பிக்குள் எறும்பு புகுந்தால் கதை முடிந்தது. பலகையை மெழுகோ பிசினோ பூசி அடைக்க வேண்டும். மின்சாரம் போனாலும் வேலை செய்ய ஒரு பேட்டரியும் அவசியம்.

செல்போனில் என்ன தெரிய வேண்டும்?

இந்த இடத்தில்தான் பல கருவிகள் கெட்டுப்போகின்றன என்பது என் அபிப்பிராயம். வண்ண வண்ணப் படங்களும் நாளுக்குப் பத்து எச்சரிக்கையும் யாருக்கு வேண்டும்? நான்காம் நாள் மணியை அடைத்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் கருவி வாயைத் திறக்கவே கூடாது. அந்த நாயின் வழக்கம் என்ன என்று கற்றுக்கொள்ளட்டும். பிறகு, வழக்கத்தைவிட இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மிகவும் ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் பேச வேண்டும். தமிழில் பேச வேண்டும். "மூன்று நாளாக இரட்டிப்பாகக் குடிக்கிறது, டாக்டரிடம் காட்டவும்." இவ்வளவு போதும். என்ன வியாதி என்று கருவி சொல்லக் கூடாது. ரத்தமும் சிறுநீரும் சோதித்துச் சொல்ல வேண்டியது டாக்டரின் வேலை. வேப்பேரியில் 1903-ல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தத் தண்ணீர்க் கணக்கைக் கையில் கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

குறைவாகக் குடிப்பதையும் கவனிக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். 2003-ல் ஒரு டெலிபோன் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய சப்பை மூக்கு நாய் நினைவிருக்கிறதா? அந்த 'பக்' ஜாதிக்கு மூச்சுக்குழலே குறுகல். நண்பகலில் மூடிய வீட்டில் கிண்ணம் காலியாகிவிட்டால் அது தாங்காது. அந்த நேரத்தில் "கிண்ணம் காலி" என்ற செய்தி எஸ்டேட்டில் இருக்கும் கணவனுக்கு மட்டும் வந்தால் பயன் என்ன? சாவி வைத்திருக்கும் எதிர் வீட்டு மாமிக்கும் போக வேண்டும்.

கருவி இல்லாதவர்கள் ஓர் அளவு ஜாடி வாங்கிக்கொள்ளலாம். காலை 7 மணிக்கு ஒரு லிட்டர் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் அரை லிட்டர் ஊற்றி, நாய்க்கு எட்டாத அலமாரியில் அதே காற்றுப்படும்படி வையுங்கள். மறுநாள் 7 மணிக்கு இரண்டையும் அளந்தால், அலமாரிக் கிண்ணத்தில் குறைந்தது ஆவியானது. நாயின் கிண்ணத்தில் அதற்கு மேல் குறைந்தது நாய் குடித்தது. ஏழு நாள் செய்து, தினசரிக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.