படக்கதை வரையப் புறப்படும் பிள்ளைகள்



தோட்டப் பள்ளிகளில் நோட்டுத் திருத்தும் ஆசிரியர்களாகிய நாங்கள் எல்லோரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கணக்கு நோட்டின் முன்பக்கத்தில் கணக்கு இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் படம் இருக்கும். குதிரையில் ஒருவன் வருவான். மற்றொருவன் துப்பாக்கியை நீட்டுவான். "டுமீல்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். இதற்குப் பள்ளியில் சிவப்பு மையால் ஒரு கோடு கிடைக்கும். வீட்டில் முதுகில் ஓர் அடி கிடைக்கும். "படம் வரைந்தால் சோறு வருமா?" என்பது தகப்பனார் கேட்கும் கேள்வி.

நியாயமான கேள்விதான். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடிய குடும்பத்தில் பிறந்தவர் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. அதற்கு விடை சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பேராக் மாநிலத்திலேயே, கோப்பேங்கை அடுத்த கோத்தா பாரு என்னும் கம்பத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் பெயர் முகமது நோர் காலிட். உலகம் அவரை 'லாட்' என்ற பெயரில் அறியும். குழந்தையில் உருண்டையாக இருந்ததால் 'புலாட்' என்று அழைத்து, அது தேய்ந்து 'லாட்' ஆயிற்று.

அவர் 1951ஆம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் இராணுவத்தில் குமாஸ்தா. ஒன்பது வயதிலேயே படம் வரைந்து நண்பர்களுக்கு விற்றார் என்பார்கள். 1964ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதில், மூன்று நண்பர்கள் ஒரு திருடனைப் பிடிக்கும் கதையை வரைந்து, தபாலில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். 'தீகா செகாவான்' என்பது அதன் பெயர். அனுப்பியவர் பெரியவர் என்று எண்ணிய பதிப்பகத்தார் அதை அச்சிட்டு 25 வெள்ளி கொடுத்தார்கள். அரைக்கால் சட்டைப் பையன் என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கதையை முடித்து அனுப்பினார். நம் பிள்ளைகளின் நோட்டுகளில் நாம் காண்பதெல்லாம் முதல் பக்கங்களே. கதாநாயகன் அறிமுகமாவான், வில்லன் சிரிப்பான், அத்தோடு வேறு கதை ஆரம்பமாகிவிடும். முடிந்த நான்கு பக்கம், முடியாத நாற்பது பக்கத்தைவிடப் பெரிது.

வழிகாட்டியும் வேண்டும். அந்நாளில் மலாய்ப் பத்திரிகைகளில் பெயர் பெற்ற கேலிச்சித்திரக்காரர் ரெஜாபாட். அவர் சிறுவன் லாட்டோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு வழிகாட்டினார். பக்கத்தில் ஓவிய ஆசிரியர் இல்லையே என்று தயங்குகிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். தபால் தலை ஒன்றே போதுமாயிருந்தது. இன்று அதுவும் வேண்டாம்; கைத்தொலைபேசி போதும்.

ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1968இல், 'பெரித்தா மிங்கு' என்னும் ஞாயிறு இதழில் 'கெலுவார்கா சி மாமாட்' என்ற அவரது தொடர் ஆரம்பமாயிற்று. அது 26 ஆண்டுகள் வந்தது. படிப்பு முடிந்ததும் 1970இல் கோலாலம்பூர் சென்று பத்திரிகையில் கேலிச்சித்திரக்காரர் வேலை கேட்டார். அந்த வேலை காலி இல்லை. குற்றச் செய்தி நிருபர் வேலைதான் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டார். பகலில் கொலையும் கொள்ளையும் எழுதினார். ஓய்வு நேரத்தில் சிரிப்புப் படம் வரைந்தார். 1974இல் ஹாங்காங்கிலிருந்து வந்த 'ஏசியா மேகசின்' இதழில், மலாய்ச் சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கைப் பற்றிய அவர் படங்கள் வெளியாயின. அதைக் கண்ட 'நியூ ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்' ஆசிரியர், "இவரையல்லவா நாம் வேலைக்கு வைத்திருக்க வேண்டும்!" என்று குறைபட்டாராம். "அவர் நம் நிறுவனத்தில்தான் வேலை செய்கிறார்" என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்களாம். அதன் பிறகே அவருக்கென்று ஒரு கேலிச்சித்திரப் பதவி உருவாயிற்று.

ஆகவே தகப்பனாரின் கேள்விக்கு விடை இதுதான்: சோறு வரும், ஆனால் உடனே வராது. வேறு கைத்தொழிலோ உத்தியோகமோ கையில் இருக்கட்டும். வரைவதும் நிற்காமல் இருக்கட்டும். பதின்மூன்று வயதில் முதல் 25 வெள்ளி வாங்கியவருக்கே, அந்தப் பதவிக்குப் பத்தாண்டுகள் ஆயின.

1979இல் அவருடைய 'கம்பத்துப் பையன்' வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'த கம்போங் பாய்' என்று பெயர். அதில் வீரன் இல்லை, வில்லனும் இல்லை. ஒரு பிள்ளை பிறக்கிறது, குர்ஆன் ஓதப் போகிறது, ஆற்றில் குளிக்கிறது, ஈயக் கப்பல் மண்ணை வாரும் இடத்தில், கூட்டாளிகளோடு மரத்தட்டில் மணலை அலசி ஈயம் பொறுக்குகிறது, பிறகு ஈப்போவுக்குப் படிக்கப் புறப்படுகிறது. அவ்வளவுதான் கதை. முதற்பதிப்பு சில மாதங்களில் விற்றுத் தீர்ந்தது. ஜப்பானிலும் பிரான்சிலும் மொழிபெயர்த்துப் படித்தார்கள். அடுத்து 1981இல் வந்த 'டவுன் பாய்' ஈப்போப் பட்டணத்தையும் பிராங்கி என்ற சீன நண்பனையும் பற்றியது. பக்கத்து வாசலைப் பார்த்து வரைந்தது பாரிசில் இருப்பவருக்கும் புரிந்தது!

இனி நம் பக்கம் வருவோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று தலைமுறையாக அதைப் பார்த்து வரைந்து பழகினார்கள். அதில் தவறில்லை; பார்த்து வரைவதில் கை பழகும். ஆனால் மாயாவி ஓடும் தெரு இங்கிலாந்துத் தெரு. அந்தத் தெருவை நம்மைவிட நன்றாக வரைய அங்கே ஆள் இருக்கிறார்கள். பெரட்டுக் களத்தையும், ஆயாக் கொட்டகையையும், லயத்துக் காட்டு வாசலில் கட்டிப்பால் வாடை வீசுவதையும், தீமிதிக்கு முதல் நாள் கோயிலடியையும் வரைய நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இதை அவசரமாகச் சொல்லவும் காரணம் உண்டு. ரப்பர் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது, அல்லது தாமான் வீடுகள் நிற்கின்றன. லயங்கள் பல இடிபட்டன. தோட்டம் போன பின்னும் பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் இருக்கும் ஊர்கள் எத்தனை! ஜப்பானில் நாகசாவா கெய்ஜி என்பவர், 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பிள்ளை. தாம் கண்டதைப் பிற்காலத்தில் படக்கதையாக வரைந்தார். கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வரைந்துகொள்ள வேண்டியவை உண்டு.

எப்படித் தொடங்குவது? செலவு அதிகமில்லை. ஒரு பென்சில், ஒரு கறுப்புப் பேனா, நகல் எடுக்கும் தாள். ஒரு தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். பிறகு தாளைக் குறுக்கே ஒரு முறை மட்டும் மடித்து, மடிப்பு ஓரத்தின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புவரை கத்தரியுங்கள். விரித்து நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். முதலில் பக்க எண்களைப் போட்டுக்கொண்டு, பிறகு விரித்து வரையுங்கள். சில பக்கங்கள் தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் நகல் எடுத்தால் ஒரு புத்தகம். மூலப்படத்தை மட்டும் எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

தமிழில் வரைவோருக்கென்று ஒரு தொல்லை உண்டு. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து முதலில் பேச்சு வட்டத்தைப் போட்டுவிட்டு, "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பதை அதற்குள் திணித்தால் எழுத்து எறும்பாகிவிடும். எனவே எழுத்தை முதலில் எழுதுங்கள். வட்டத்தை அதைச் சுற்றிப் போடுங்கள். முகத்தைக் கடைசியில் வரையுங்கள். வசனத்தை லயத்தில் பேசுகிறபடியே எழுதினால் சொல்லும் குறுகும், ஆளும் உயிரோடு தெரிவார்.

முதல் நகலைப் பாட்டியிடம் காட்டுங்கள். ரப்பர் மரத்தில் வெட்டுக்கோட்டை வலப்பக்கம் உயர்த்தி இடப்பக்கம் தாழ்த்தி வரைந்திருந்தால், மூக்குக் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். பால் குழாய்கள் மரத்தில் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. அதனால் இடப்பக்க உயரத்திலிருந்து வலப்பக்கம் சரிய வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் வரும். பாட்டி இந்தக் காரணத்தைச் சொல்லமாட்டார். உங்கள் பென்சிலை வாங்கி உளியைப் போலப் பிடித்து, கோட்டைத் திருத்திக் காட்டுவார். அந்தப் பிடியையும் பார்த்து வரைந்துகொள்ளுங்கள்.