பழைய ஜெர்மன் ரைபிளுக்கு வயது என்ன? குழலின் அடியில் இருக்கிறது ஜாதகம்!

"அவன் சரியான எம்டன்" என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வது உண்டு. 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. கப்பல் அதே ஆண்டு நவம்பரில் ஒழிந்தது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. ஜெர்மன் இரும்பு என்றால் நம்மவர்களுக்கு இன்றும் ஒரு தனி மரியாதைதான்.

அந்த மரியாதை சில குடும்பங்களை வம்பில் மாட்டிவிடுகிறது.

தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா போய்விட்டார். அப்பாவும் போய்விட்டார். லைசென்ஸ் புத்தகம் யார் பெயரில் இருந்தது என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. "இது ஜெர்மன் சரக்கு. நூறு வருஷத்துக்கு முந்தியது. லட்சக்கணக்கில் போகும்" என்கிறார் ஒருவர். "பழைய இரும்புதானே, எடைக்குப் போடு" என்கிறார் இன்னொருவர். "லைசென்ஸ் எதற்கு? பழசுக்கெல்லாம் கேட்க மாட்டார்கள்" என்கிறார் மூன்றாமவர்.

மூன்று பேர் பேச்சும் ஆபத்து. துப்பாக்கி எங்கே செய்தது, எப்போது செய்தது என்று தெரியாமல் அதை விற்கவும் கூடாது, வீசவும் கூடாது, சுடவே கூடாது.

பெங்களூரில் நாலு எழுத்து இங்கிலீஷ் படித்த குமாஸ்தா என்றால், ரேஷன் கார்டு முதல் கோர்ட்டு நோட்டீஸ் வரை அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஒருநாள் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எழுத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று உங்களிடமும் வந்து நிற்கலாம். அப்போது பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

வேட்டைக்காரர்களின் நகரம்

இந்த ஊருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம் பழையது. ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910-1974) பெங்களூர்வாசி. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் அவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் என்ற அமெரிக்க ரைபிள். அவர் காலத்து வேட்டைக்காரர்கள் பலர் இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டு ரைபிள்களை வைத்திருந்தார்கள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. ஆனால் துப்பாக்கிகள் எங்கும் போய்விடவில்லை. எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய வீடுகளிலும் தங்கிவிட்டன. தலைமுறை மாறும்போது அவை சிக்கலாக முளைக்கின்றன.

பெயர் லண்டன், பிறப்பு ஜெர்மனி!

முதல் பாடம் இதுதான்: மேலே பொறித்த பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

ஜிம் கார்பெட்டின் ரைபிள் இதற்கு நல்ல உதாரணம். 1907-ல் குமாவுன் மலையில் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை அவர் சுட்டு வீழ்த்தினார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்பட்ட புலி அது. அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாண லெப்டினென்ட் கவர்னர் சர் ஜான் ஹூவெட் அவருக்கு ஒரு .275 ரைபிள் கொடுத்தார். துப்பாக்கியின் மேல் இருப்பது லண்டன் ரிக்பி கம்பெனியின் பெயர். ஆனால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இயந்திரப் பகுதி ஜெர்மன் மவுசர் அமைப்பு! மவுசர் கம்பெனிக்கு ரிக்பி அப்போது ஏஜெண்ட்.

தோட்டாவின் கதையும் அப்படியே. ஜெர்மன்காரர் 7 மி.மீ. மவுசர் (7 X 57) என்று அழைத்ததைத்தான் ரிக்பி கம்பெனி .275 என்று பெயர் மாற்றி விற்றது. ஒரே தோட்டாவுக்கு இரண்டு பெயர்!

கார்பெட் ரைபிளின் கட்டையில் ஒரு வெள்ளித் தகடு உண்டு. அதில் 1907 என்று இருக்கிறது. அது புலி செத்த வருஷம். துப்பாக்கி பிறந்த வருஷம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தகடு, கடைக்காரர் பெயர், ராஜா முத்திரை ஆகியவை எல்லாம் துப்பாக்கி யார் யார் கையில் போனது என்பதைச் சொல்லும். பிறப்பைச் சொல்வது வேறு இடம்.

தண்டவாளத்தைப் பாருங்கள்

ரயில்வேக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்டவாளத்தின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தால், உருட்டிய ஆலையின் பெயரும் வருஷமும் இரும்பிலேயே புடைத்து நிற்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய தண்டவாளம் இன்று வேலிக் கம்பமாக நின்றாலும் அந்த எழுத்து போகாது.

ஜெர்மன் துப்பாக்கியும் அப்படித்தான். ஆனால் எழுத்து மறைவாக இருக்கும். குழலின் அடியில், மரக்கட்டை மூடியிருக்கும் பகுதியில் இருக்கும். மரத்தைக் கழற்றினால்தான் தெரியும். அதை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை மெக்கானிக்தான் கழற்ற வேண்டும். நாமே ஸ்குரு டிரைவர் போட்டால் ஸ்குருவும் போகும், மதிப்பும் போகும்.

அங்கே ஏன் முத்திரை? ஜெர்மனியில் 1891-ல் ஒரு சட்டம் செய்தார்கள். 1893 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசாங்கச் சோதனைச் சாலையில் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். சூல், ஓபெர்ண்டார்ஃப் முதலிய ஊர்களில் இந்தச் சோதனைச் சாலைகள் இருந்தன.

முத்திரை சொல்லும் கதை

கிரீடம் ஒன்று, அதன் கீழ் ஓர் எழுத்து. இதுதான் அந்தக் காலத்து அடையாளம். கிரீடத்தின் கீழ் 'பி' என்றால் சுட்டுச் சோதித்தது. 'யு' என்றால் பிறகு பரிசோதித்துத் தேறியது. 'ஜி' என்றால் உள்ளே சுழல் வரி வெட்டிய குழல், அதாவது ரைபிள். 'என்' என்றால் புகையில்லாத மருந்துக்குச் சோதித்தது. கிரீடத்தின் கீழ் 'வி' இருந்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சட்டம் வந்தபோதே கடையில் கையிருப்பாக இருந்த பழைய துப்பாக்கி அது!

அடுத்தது குழலின் உள்ளளவு. பழைய வழக்கத்தில் ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை உருட்டலாம் என்பதே குழலின் அளவு. '12 போர்' என்று நாம் சொல்வது இந்தக் கணக்குத்தான். ஜெர்மன் ரைபிளில் 172.28 என்பதுபோல் பின்னத்தோடு ஓர் எண் இருந்தால் அது இந்தக் கணக்கு. ஏறக்குறைய 7.62 மி.மீ. என்று அர்த்தம். அப்படிப்பட்ட குழல் பெரும்பாலும் 1912-க்கு முந்தியது. அதன்பின் அளவை மி.மீ.யிலேயே குத்தினார்கள்.

1920-களிலும் 30-களிலும் சோதித்த குழல்களில் பெரும்பாலும் மாதமும் வருஷமும் சேர்ந்தே இருக்கும். '5.27' அல்லது '527' என்று இருந்தால் 1927-ம் ஆண்டு மே மாதம். விவரம் தெரியாதவர் இதைத் துப்பாக்கியின் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்.

1940 ஏப்ரல் முதல் கிரீடம் போய்விட்டது. கழுகும் அதன் கீழே 'என்' எழுத்தும் வந்தன. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் வருஷத்தை எழுத்தாலேயே குறித்தார்கள். 'ஏ' என்றால் 0, 'பி' என்றால் 1, இப்படியே 'ஐ' என்றால் 8. 'ஜே'யை விட்டுவிட்டு, 'கே' என்றால் 9. ஆகவே 'எச்.சி.' என்று இருந்தால் 72. அதாவது 1972. "தாத்தாவின் தாத்தா காலம்" என்று சொன்ன துப்பாக்கி, இந்த இரண்டெழுத்தில் நேற்றுப் பிறந்தது ஆகிவிடும்!

வேறு சில குறிப்புகளும் உதவும். 'மேட் இன் ஜெர்மனி' என்று இருந்தால் 1887-க்குப் பிந்தியது என்று கொள்ளலாம். பிரிட்டனில் அந்த ஆண்டு வந்த வணிகக் குறிச் சட்டத்தால்தான் அந்த வாசகம் பரவியது. மவுசர் பெயரைக் கொடித் துணி போன்ற சட்டத்துக்குள் பொறித்த சின்னம் 1909-ல் வந்தது. கம்பெனிக்கு 'மவுசர் வெர்கே' என்ற பெயர் 1922 முதல்தான். 'குருப்' என்று குழலில் இருந்தால், அது இரும்பு கொடுத்த ஆலையின் பெயர். துப்பாக்கி செய்தவர் பெயர் அல்ல.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பிவிடக் கூடாது. குழலை மாற்றியிருக்கலாம். கட்டையை இங்கேயே ஆசாரி செய்து போட்டிருக்கலாம். எல்லா அடையாளமும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனால்தான் வயது நிச்சயம். குழலில் ஒரு நம்பர், பூட்டில் வேறு நம்பர் என்றால் அது ஒட்டுப்போட்ட உருப்படி. எந்திரத் தொழிற்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நம்பரின் மகிமை

நம்பர் எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு ஒரு சரித்திரமே உண்டு. 1914 ஆகஸ்டு 26-ந் தேதி கல்கத்தா ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கில் 10 பெட்டிகள் காணாமல் போயின. சுங்க இலாகாவில் சரக்கு எடுத்துவரும் வேலையில் இருந்த ஸ்ரீஷ் சந்திர மித்ரா என்ற குமாஸ்தாவே அவற்றைப் புரட்சிக்காரர்களிடம் சேர்த்துவிட்டார். 50 ஜெர்மன் மவுசர் பிஸ்டல்கள், 46 ஆயிரம் தோட்டாக்கள்! ஒவ்வொரு பிஸ்டலின் நம்பரும் கம்பெனிக் கணக்கில் இருந்தது. அதனால் பிற்பாடு எங்கே ஒரு பிஸ்டல் பிடிபட்டாலும், "இது ரோடா சரக்கு" என்று போலீஸ் சொல்ல முடிந்தது. நம்பரை அரத்தால் ராவினால் சாட்சியை அழித்ததாகத்தான் இன்றும் பொருள்படும்.

எட்டு மில்லிமீட்டரில் எமன்

வயது கண்டுபிடிப்பது வெறும் ஆசைக்கு அல்ல. உயிர் சம்பந்தப்பட்டது.

ஜெர்மன் வேட்டை ரைபிள்களில் பல '8 மி.மீ.' வகை. நம் நாட்டில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்த .315 ரைபிளையும் '8 மி.மீ.' என்றுதான் சொல்கிறார்கள். பெயர் ஒன்று. தோட்டா வேறு! நம் நாட்டுத் தோட்டா அடியில் விளிம்பு உள்ளது, 50 மி.மீ. நீளக் கூடு. ஜெர்மன் மவுசர் தோட்டாவில் விளிம்பு நீண்டிருக்காது. கூடு 57 மி.மீ.

ஜெர்மன் தோட்டாவிலேயே இரண்டு உண்டு. 1888-ம் ஆண்டு மாடலுக்கு ஏற்பட்ட பழைய குண்டு சுமார் 8.08 மி.மீ. 1905-ல் வந்த 'எஸ்' குண்டு சுமார் 8.20 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அந்தப் பெரிய குண்டைப் பழைய குழலில் போட்டுச் சுட்டால், அழுத்தம் ஏறிக் குழல் வெடிக்கலாம். சுடுகிறவன் கன்னமும் கண்ணும் அதற்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கின்றன. அதற்கும் முந்திய 1871-ம் ஆண்டு மாடல்கள் கரிமருந்துக்குச் செய்தவை. புகையில்லாத மருந்தை அவை தாங்கா.

ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் வைக்கட்டும். "ஒரு வெடி வெடித்துப் பார்க்கலாம்" என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். 2019-ல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததும் இந்த இரண்டுக்குள் அடக்கம். லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கியது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையையும் கூட்டியது.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கவும் வழி உண்டு. பெங்களூர் நகரில் மனுவைப் போலீஸ் கமிஷனரிடம் கொடுக்க வேண்டும்.

"பழம்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கியூரியோ என்ற வகையில் சேரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம் என்று 2020 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது உண்மை. ஆனால் அதைச் சுடவோ, எடுத்துச் செல்லவோ லைசென்ஸ் தேவை. உங்கள் துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை நீங்களாக முடிவு செய்துகொள்ள முடியாது. அதிகாரிதான் சொல்ல வேண்டும். அங்கேதான் குழலின் அடியில் உள்ள முத்திரை உங்களுக்காகப் பேசும்.

இன்னொன்று. நூறு வயது தாண்டிய சரித்திரப் பொருள்களை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. "வெளிநாட்டில் நல்ல விலை, கொடுத்துவிடு" என்று வரும் தரகரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு சேர்ந்து முத்திரையும் தேய்ந்து போகும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பையில் சுற்றிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். போலீஸ் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கி நம்பர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லைசென்ஸ் பெற்ற கடை மூலமாக முத்திரைகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் காகிதம் கையில் இருந்தால் விலை கேட்பவன் ஏமாற்ற முடியாது. அதிகாரி கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லலாம். பேரப்பிள்ளைகளும் "தாத்தா துப்பாக்கி 1908-ல் செய்தது" என்று ஆதாரத்தோடு சொல்லிக்கொள்வார்கள்.