எஞ்சாமி யார்?

சுங்கை பூலோவில் ஒரு கல்யாண விருந்து. பாயாசம் வருவதற்குள் ஒலிபெருக்கியில் ‘என்ஜாய் எஞ்சாமி’ கிளம்பிவிட்டது. பிள்ளைகள் மேடைப் பக்கம் ஓடினார்கள். என் மேசையில் இருந்த பாட்டி மட்டும் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். “எங்கப்பன் சயாமுக்குப் போன கதையையா தம்பி பாடுறாங்க?”

இல்லை என்பதுதான் நேரான பதில். 2021 மார்ச்சில், தீ, அறிவு என்ற பாடகர்கள் இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த பாட்டு அது. யார் பங்கு எவ்வளவு என்று பின்னால் எழுந்த சச்சரவை இங்கே விட்டுவிடுகிறேன். அறிவு எழுதியது தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். இலங்கை மலையகத் தமிழரில் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. பாட்டுக்குப் பின்னால் இருக்கும் அநியாயம் இது.

ஆனால் பாட்டுக்குள் இலங்கை என்ற பெயர் இல்லை, தேயிலையும் இல்லை. ‘தோட்டம்’ இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பூவும் கத்தரிக்காயும் நினைவுக்கு வரும். நுவரெலியாவில் தேயிலை. மலேசியாவில் நமக்கோ ரப்பர்: காலைப் பெரட்டு, பால் பிடிக்கும் மங்கு, குடியிருந்த லயம், கணக்கெழுதும் கிராணி. தோட்டம் செழித்தும் அதைப் போட்டவள் தாகம் தீரவில்லை என்று பாடகி புலம்பும்போது, பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர் வேறெதை நினைப்பார்? அதிலும் சுங்கை பூலோக்காரர்! ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மரங்கள் நின்ற நிலம் இன்று குவாசா டாமன்சாரா நகர்ப்புறம். 2016 டிசம்பரிலிருந்து அங்கே எம்ஆர்டி ரயில் ஓடுகிறது.

‘சாமி’யும் அப்படித்தான். ஆண்டையும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி, மடியில் கிடக்கும் பிள்ளையும் சாமி. ஒப்பாரியில் செத்தவரும் சாமிதான். அந்தப் பாட்டில் ஒப்பாரி கலந்திருக்கிறது. பிள்ளைகளின் காதில் விழுந்தது ‘என்ஜாய்’, பாட்டியின் காதில் விழுந்தது ‘எஞ்சாமி’. இரண்டையும் பாட்டு வேண்டுமென்றேதான் ஒட்டிவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கொடுமையைப் பாடும் பாட்டுகள் பல, நடந்த இடத்தையும் நாளையும் சொல்வதில்லை. பில்லி ஹாலிடே 1939-இல் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றதைப் பற்றியது. ஏபல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதியது. அவரைத் தூங்கவிடாமல் செய்த புகைப்படம் 1930-இல் வடமாநிலமான இந்தியானாவில் எடுத்தது. பாட்டில் வருவதோ தெற்கத்தி மரங்கள். அதனால் பாட்டு பொய்யாகிவிடாது. ஆனால் இந்தியானாவில் என்ன நடந்தது என்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்தவும் முடியாது.

நம் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். கூலி தருகிறோம், அரிசி தருகிறோம் என்று முதலில் மலாயாத் தோட்டத் தமிழர்களுக்கு ஆசை காட்டினார்கள். பிறகு ஆளைப் பிடித்து ஏற்றினார்கள். மலேரியாவும் காலராவும் முகாம்களைக் காலி செய்தன. ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. அதில் தமிழர் எத்தனை என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கில்லை. கஞ்சனாபுரிக் கல்லறைத் தோட்டத்தில் அதே பாதையில் மாண்ட ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசையாகத் துயில்கிறார்கள். நம்மவருக்கு அப்படி ஒரு பெயர் வரிசை இல்லை.

பெயர்ப் பட்டியல் இல்லாத வீட்டில் பாட்டின் மேல் பாரம் கூடும். தோட்டத்துப் பாடல்களை இரா. தண்டாயுதமும் முத்தம்மாள் பழனிசாமியும் தேடித் தொகுத்திருக்கிறார்கள். ஆனால் ரயில், காடு, காய்ச்சல் மூன்றும் ஒரு தாலாட்டில் வந்துவிட்டால் உடனே ‘சயாம் பாட்டு’ என்று முத்திரை குத்துகிறோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் தண்டவாளம் போட்டது 1886-இல். அப்போதும் காடு இருந்தது, காய்ச்சல் இருந்தது, தமிழன் இருந்தான். யார் பாடினார், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார் என்று கேட்காமல் ஒரு பாட்டுக்கு ஆண்டு குறிப்பது கதை கட்டுவதாகிவிடும்.

பாட்டியிடம் வள்ளியம்மாளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவுகளும் நம்மள மாதிரித்தான்” என்றார். அவர் கேட்ட அப்பன் பாட்டில் இல்லை. ஆனாலும் அவர் தப்பாகக் கேட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டு காலியாக விட்ட இடத்தில் தன் ஆளை உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

அப்பா எப்போது இறந்தார் என்று கேட்டேன். 1943 அக்டோபர் 17-இல் கொன்கோய்த்தாவில் சயாம் பாதையின் இரு பக்கத்துத் தண்டவாளமும் இணைந்த தேதி ஏடுகளில் இருக்கிறது. பாட்டி கையை விரித்தார். “நாளு தெரியாது தம்பி. ஆடி அமாவாசைக்குத்தான் படையல் போடுறோம்.”