திண்ணையில் ஒரு ராத்திரி

பைக்கில் போகிறவனுக்கு செயின் எந்த ஊரில் அறுக வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை கிடையாது. வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய எனக்குத் தரங்கம்பாடியில் அறுந்தது. ராத்திரி பத்தரை மணி. மெக்கானிக் கடையில் பெரிய பூட்டு. 'சரி, ரயில்?' என்று கேட்பீர்கள். மயிலாடுதுறையிலிருந்து 1926-ல் வர ஆரம்பித்த ரயிலை 1986-லேயே நிறுத்திவிட்டார்கள்!

வண்டியைத் தள்ளிக்கொண்டு, டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டிய நகர வாயில் வழியாக உள்ளே நுழைந்தேன். ராஜ வீதியில் ஈ, காக்கை இல்லை. 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம் இருட்டில் நின்றது. தமிழில் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்த சீகன்பால்க் அதற்குள்ளேதான் உறங்குகிறார். வழி கேட்க எழுப்ப முடியாது.

வீதி முடிந்தால் டான்ஸ்போர்க் கோட்டை, அப்புறம் கடல். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். விலை 12.5 லட்சம் ரூபாய். இன்றைக்கு அதில் ஒரு சுமாரான கார் வாங்கலாம். (பெட்ரோல் தனி!)

"யாரு தம்பி அங்க?"

டார்ச் வெளிச்சம். பின்னால் அறுபத்தைந்து வயசுப் பெரியவர் ஒருவர். விஷயத்தைச் சொன்னேன். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம வீட்டுத் திண்ணையில படுத்துக்குங்க. காலைல பாத்துக்கலாம்."

சுனாமிக்கு அப்புறம் கட்டிய சின்ன கான்கிரீட் வீடு. வாசலில் திண்ணை மட்டும் அவரே போட்டுக்கொண்டாராம். சூடாக மீன் குழம்பும் சோறும் வந்தது. காசு பற்றி வாயெடுத்தேன். அந்த அம்மா பார்த்த பார்வையில் பர்ஸ் தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

பாய் விரித்துப் படுத்தேன். தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் ஊர். பெயருக்குப் பழுதில்லாமல் அலை சத்தம். ஆபீஸ், மேனேஜர், இன்க்ரிமென்ட் எல்லாம் மறந்து தூங்கிப் போனேன்.

ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தது. காற்று பலமாக அடித்தது. பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"தூங்கலியா அய்யா?"

"பையன் தொழிலுக்குப் போயிருக்கான்."

"போன் பண்ணிப் பாக்கலாமே?"

"அது கரையோரம் மட்டுந்தான் எடுக்கும் தம்பி. அதத் தாண்டினா எடுக்காது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில்தான் நின்றானாம். "நான் தென்னை மரத்தப் புடிச்சேன். அவனுக்கு மரம் கெடைக்கல." அவ்வளவுதான் சொன்னார். "அதுலேர்ந்து ராத்திரில கண்ணு மூடினாலும் காது மூடறதில்ல."

எனக்குத் தாலாட்டாக இருந்த அதே சத்தம்! அதற்கப்புறம் நானும் படுக்கவில்லை. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாலரைக்குக் காற்று அடங்கியது. விடிகிற நேரம் கரைக்குப் போனோம். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்றார்.

தூரத்தில் நாலைந்து மோட்டார் சத்தம். எனக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மூணாவது நம்முளுது."

ஃபைபர் போட் கரையேறியது. பையன் நனைந்த சட்டையோடு குதித்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த மனிதர் கட்டிப் பிடித்து அழப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"என்னடா மீனு?"

"சங்கரா கொஞ்சம். மத்தபடி ஒண்ணுமில்லப்பா."

"சரி, வலைய அலசு."

எட்டு மணிக்கு மெக்கானிக் வந்து செயின் மாட்டிக் கொடுத்தார். கிளம்புமுன் பெரியவரிடம் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று வீட்டுக்குப் போனால், திண்ணையில், நான் சுருட்டி வைத்த பாயை விரித்துப் போட்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.