கூடைப்பந்தில் ஓர் ஆரூடம்

ஆட்டம் தொடங்குமுன்னரே வெற்றி யாருக்கு என்று கூறுவதில் நம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர். மாதுங்காவில் காய்கறி வாங்கி முடிப்பதற்குள் கிரிக்கெட்டைப் பற்றி நான்கு ஆரூடங்களேனும் காதில் விழும். ஆயின் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துக்கும் ஆரூடம் கணித்து, அதனை நாளேடுகளில் வெளியிடும் நாடும் உண்டு.

அமெரிக்காவில் முதல் தரக் கல்லூரி மகளிர் அணிகள் 350-க்கும் அதிகம். அவை 30-க்கு மேற்பட்ட கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கும். அதற்கு முன்பே பயிற்சியாளர்கள் வாக்களித்து, தத்தம் கூட்டமைப்பில் முதலிடம் யாருக்கு, கடையிடம் யாருக்கு என வரிசைப்படுத்துவர். அவர்கள் முதலில் நோக்குவது ஒன்றே: சென்ற ஆண்டு ஆடியவருள் எத்தனை பேர் மீண்டும் ஆட வருகின்றனர்? அதன் பின்னரே புதியவரின் திறமை, கூடையருகே நிற்போரின் உயரம், களைத்த ஐவருக்கு மாற்றாக இறங்குவோரின் வலிமை ஆகியன.

இத்தனை கணக்கும் பொய்ப்பதுண்டு. 1998-ஆம் ஆண்டு தேசியப் போட்டியில், தம் பிரிவில் முதலிடம் பெற்றிருந்த ஸ்டான்போர்டு அணியை, 16-ஆம் இடத்திலிருந்த ஹார்வர்டு அணி அதன் சொந்த அரங்கிலேயே 71-67 என வென்றது. ஸ்டான்போர்டின் முக்கிய ஆட்டக்காரிகள் இருவர் முழங்கால் காயத்தால் ஆட இயலாது போயினர். அனுபவமுள்ள இருவர் விலகினால் ஓர் அணி என்னவாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். மும்பைக் கல்லூரிகள் தமக்குள் மோதும். தேர்ந்தவர் பல்கலைக்கழக அணியாக மேற்கு மண்டலப் போட்டிக்குச் செல்வர். அங்கு முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டியை அடையும். இவ்வணிகளுக்கு ஆரூடம் கூறுவோர் பயிற்சியாளர் அல்லர், பெற்றோராகிய நாமே. தாராவியிலும் செம்பூரிலும் நம் வீடுகளில், “ஓராண்டு ஆடட்டும், பிறகு படிப்பைப் பார்க்கட்டும், மாலையில் இரயில் நெரிசலில் வருவது எப்படி?” என்கிறோம். அச்சம் நியாயமானதே. எனினும் நாமே கூறிய ஆரூடத்தை நாமே பலிக்கச் செய்துவிடுகிறோம். இரண்டாம் ஆண்டில் பெண் விலகுகிறாள். அணி மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இவ்வாரூடத்தைப் பொய்ப்பித்த தமிழ்ப் பெண் ஒருவர் உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். தாயான பின்னரும் களத்துக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவின் இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என வென்றபோது அவர் அவ்வணியில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. அவருக்கு வேலை அளித்தது தென்னக இரயில்வே. விளையாட்டில் தேர்ந்த பெண்கள் இரயில்வேயில் பணி பெறுவதை, அத்துறையில் ஊழியம் செய்யும் நாம் கண்ணாரக் கண்டுவருகிறோம். ஆட்டம் சோற்றுக்கு உதவாது என்னும் வாதமும் இங்கு நிற்பதில்லை.

எனவே வரும் பருவத்துக்கு நம் ஆரூடம் இதுதான்: எந்தக் கல்லூரியில் சென்ற ஆண்டு ஆடிய பெண்கள் இவ்வாண்டும் ஆடுகின்றனரோ, அக்கல்லூரியே முன்னிற்கும். மாலை இருட்டினால், பயிற்சி முடியும் நேரத்தில் தந்தையோ தமையனோ மைதானத்துக்குச் சென்று அழைத்துவரலாகாதா? அந்த அரைமணி நேரத்தில் அவள் ஆடுவதையும் ஒருமுறை பார்த்து வரலாமே!