விண்மீனுக்கு வால் முளைத்த கதை

சென்ற ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. தாம்பரத்தில் உள்ள நம் பள்ளியின் மொட்டை மாடியில் அறிவியல் மன்ற மாணவியர் எட்டுப் பேர், எங்கள் இயற்பியல் ஆசிரியை, துணைக்கு விடுதிப் பொறுப்பாளராகிய சிஸ்டர் ஆகியோர் கூடியிருந்தோம். பழைய மாணவி ஒருவர் அன்பளிப்பாகத் தந்த தொலைநோக்கி நடுவில் நின்றது. அதனோடு ஒரு காமிராவையும் பொருத்தி, மிருகசீரிடக் கூட்டத்தில் உள்ள ஓரியன் நெபுலாவைப் படம் பிடிப்பது எங்கள் திட்டம். படம் நன்றாக அமைந்தால் ஆண்டு மலரில் வெளியிடலாம் என்று தலைமைச் சகோதரி வாக்களித்திருந்தார்.

படம் வந்தது. ஆனால் அதில் ஒரு விண்மீன்கூட உருண்டையாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்! காற்புள்ளிகளை வாரி இறைத்தாற்போல் இருந்தது. "ஆடி கெட்டுப் போயிருக்கும், மூட்டை கட்டி வைத்துவிடலாம்" என்று எங்களுள் சிலர் சொன்னோம். அன்பாகத் தந்த பொருளை ஒரே இரவில் பயனற்றது என்று தள்ள ஆசிரியைக்கு மனம் வரவில்லை. "காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார். அந்தக் காரணத்தை நாங்கள் தேடிய கதையே இக்கட்டுரை.

வேகமான தொலைநோக்கி என்றால் என்ன?

எங்களுடையது நியூட்டன் வகைத் தொலைநோக்கி. குழாயின் அடியில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியாடி இருக்கிறது. அது விண்மீனின் ஒளியைத் திரட்டி மேலே அனுப்புகிறது. மேல் முனையில் சாய்வாக நிற்கும் சிறிய தட்டையாடி அவ்வொளியைப் பக்கவாட்டில் திருப்பிக் காமிராவுக்குள் செலுத்துகிறது. குழியாடியின் குவியத் தூரம் 800 மில்லிமீட்டர். அதனை விட்டத்தால் வகுத்தால் 4 வருகிறது. இந்த எண்ணைக் குவிய விகிதம் என்பர். எண் சிறியதாக இருந்தால் தொலைநோக்கி 'வேகமானது'. நெபுலா போன்ற மங்கலான, பரந்த பொருளைப் படம் பிடிக்க விகிதம் 8 உள்ள கருவிக்கு நான்கு நிமிடம் தேவையானால், விகிதம் 4 உள்ளதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஆனால் இந்த வேகத்துக்கு விலை கொடுக்க வேண்டும். வேகமான கருவியில் ஒளிக்கற்றை அகன்ற கூம்பாக வந்து ஒரு புள்ளியில் சேர்கிறது. அந்தக் கூம்பின் முனையில் காமிராவின் உணரி சரியாக நிற்க வேண்டும். விகிதம் 10 ஆக இருந்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுமார் 0.27 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். விகிதம் 4 ஆனால் கிடைப்பது சுமார் 0.04 மில்லிமீட்டர்தான். நம் நோட்டுப் புத்தகத் தாளின் கனத்தைவிட இது குறைவு.

இரண்டாவது தொல்லை 'கோமா'. குழியாடியின் ஒளியச்சை விட்டு விலகிய விண்மீன்களுக்கு வால்மீன் போல வால் முளைக்கும். விகிதம் 8 உள்ள ஆடியில், வால் தெரியாத நல்ல பகுதி ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் அகலம். விகிதம் 4 உள்ளதில் அதே பகுதி 1.4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. எங்கள் காமிராவின் உணரியோ 22 மில்லிமீட்டர் அகலம். அந்தச் சிறிய நல்ல பகுதி படத்தின் நடுவில் விழும்படி இரு ஆடிகளையும் காமிராவையும் ஒரே ஒளியச்சில் நிறுத்துவதைத்தான் 'காலிமேஷன்' என்கிறார்கள்.

ஒவ்வொன்றாகச் சோதித்தோம்

ஆசிரியை எங்களுக்கு ஒரே ஒரு விதி வகுத்தார்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

முதற் சந்தேகம், தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கியின் மேல் விழுந்தது. பூமி சுழல்வதால் தாங்கி விண்மீனைப் பின்தொடர வேண்டும். அதற்கு அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். தாம்பரத்தில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலேயே நிற்கிறது. வடக்கே சென்னை நகரத்தின் வெளிச்சம் வேறு. ஆகவே நாங்கள் தவறியிருக்கலாம். இதைச் சோதிக்க, 30 விநாடிக்குப் பதிலாக 2 விநாடி மட்டும் படம் எடுத்தோம். பின்தொடர்தல் பிழையானால் வால் மறைந்திருக்க வேண்டும். வால் அப்படியே இருந்தது. தாங்கி குற்றமற்றது.

அடுத்த சந்தேகம் காமிரா. அது தன் கனத்தால் சற்றுத் தொங்கிச் சாய்ந்திருக்கலாம். காமிராவை மட்டும் 180 பாகை திருப்பிப் பொருத்தினோம். குற்றம் காமிராவில் இருந்தால், படத்தில் அதே பக்கத்தில் அதே பிழை நிற்கும். தொலைநோக்கியில் இருந்தால், படத்தில் எதிர்த் திசைக்குப் போய்விடும். வால்கள் எதிர்த் திசைக்குத் திரும்பின. ஆகவே குற்றம் தொலைநோக்கியில்தான்.

இப்போது ஒளியச்சைச் சோதிக்க வேண்டும். அதற்கென்று விற்கும் சிறிய லேசர்க் கருவி எங்களிடம் இருந்தது. அதனைக் கண்வில்லை பொருத்தும் குழலில் செருகினால், கதிர் தட்டையாடியில் பட்டுக் குழியாடியின் மையக் குறிக்குச் செல்லும். தட்டையாடியின் திருகுகளால் கதிரை அந்தக் குறியில் நிறுத்தி, குழியாடிக்குப் பின்னால் உள்ள மூன்று திருகுகளால் கதிர் வந்த வழியே திரும்பும்படி செய்ய வேண்டும். சோதித்துப் பார்த்தோம். கதிர் மிகச் சரியாக மையத்தில் பட்டு மிகச் சரியாகத் திரும்பியது. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை!

அப்படியானால் ஆடியே கெட்டதா? எங்கள் முகங்கள் வாடின. அப்போது இதுவரை அமைதியாக ஜெபமாலையுடன் அமர்ந்திருந்த சிஸ்டர் கேட்டார்: "அந்த லேசர் நேராக இருக்கிறது என்று யார் சொன்னது?"

அளவுகோலையும் அளக்க வேண்டும்

லேசரைக் குழலுக்குள்ளேயே மெல்லச் சுழற்றினோம். நேரான லேசரானால் சுழற்றும்போது புள்ளி அசையக்கூடாது. எங்கள் புள்ளியோ ஆடியின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டம் போட்டது. கோணலான கருவியை நம்பி, நல்ல தொலைநோக்கியை மிகுந்த கவனத்தோடு நாங்களே கெடுத்து வைத்திருந்தோம்!

இப்பிழை பெரியோர்க்கும் நேர்ந்ததுண்டு. 1990-இல் விண்ணில் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி, விளிம்பில் சுமார் 2 மைக்ரான் அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி இருந்தது. அந்தக் கருவி சொன்னபடியே ஆடியை மிகத் துல்லியமாகத் தவறாக்கினார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று அதற்குக் 'கண்ணாடி' மாட்டிய பிறகே படங்கள் தெளிந்தன.

இதற்கு நேர்மாறான நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே உண்டு. எங்கள் மாடியிலிருந்து வடகிழக்கே நோக்கினால் பரங்கிமலை இருக்கும் திசை. 1802-இல் வில்லியம் லாம்டன், இந்தியாவை அளந்த பெரும் முக்கோண அளவைக்காக அம்மலையின் அருகிலிருந்து தெற்கே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தார். எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் அதனை நிழலில் வைத்து, வெப்பமானிகளைக் கொண்டு வெப்பத்தைக் குறித்துக் கணக்கில் சேர்த்தார். அளக்கும் சங்கிலியைச் சரிபார்ப்பதற்கென்றே மற்றொரு சங்கிலியையும் வைத்திருந்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்ப்பக்கம் கடைப்பிடித்த பாடத்தை நாங்கள் மறந்துவிட்டோம்.

பிலிம் டப்பாவும் மெதுவடையும்

அடுத்த சனிக்கிழமை எங்களுள் ஒருத்தி தன் தாத்தா வீட்டிலிருந்து ஒரு பழைய பிலிம் டப்பாவைக் கொண்டுவந்தாள். அது கண்வில்லைக் குழலில் கச்சிதமாகப் பொருந்தியது. டப்பாவின் அடியை வெட்டி எடுத்து, மூடியின் நடுவில் சிறு துளையிட்டு, மூடியின் உட்புறத்தில் வெள்ளித்தாள் ஒட்டினோம். துளை வழியே பார்த்துத் தட்டையாடி வட்டமாகத் தெரிகிறதா, குழியாடி முழுவதும் அதனுள் அடங்குகிறதா என்று கவனித்தோம். பிறகு துளையின் பிம்பம் குழியாடியின் மையக் குறிக்குள் வரும்வரை பின்திருகுகளைத் திருப்பினோம். கண் வைப்பவள் ஒருத்தி, திருகுபவள் மற்றொருத்தி. வேகமான தொலைநோக்கியில் தட்டையாடியின் நிழல் மட்டும் சற்றுத் தள்ளித் தெரிவது இயல்பே. அதையும் 'சரி' செய்யப் போய் மறுபடியும் கெடுத்துவிடக் கூடாது.

இறுதித் தீர்ப்பு விண்மீனுடையது. பிரகாசமான ஒரு விண்மீனை நடுவில் நிறுத்திக் குவியத்தைச் சற்றுக் கலைத்தால், அது நடுவில் ஓட்டையுள்ள மெதுவடையைப் போல் தெரியும். ஓட்டை நடுவில் இருந்தால் ஆடிகள் நேர். முதலில் எங்கள் வடையின் ஓட்டை ஓரமாக ஒதுங்கியிருந்தது. திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புவதும், விலகிய விண்மீனை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவதுமாக அரைமணி நேரம் சென்றது. ஓட்டை நடுவுக்கு வந்தது.

பிறகு குவியம். கண்ணால் மதிப்பிட்டால் ஏமாற்றும். 2005-இல் ரஷ்ய நாட்டு ஆர்வலர் பாவெல் பாஹ்டினோவ் ஓர் எளிய வழி கண்டார். கறுப்பு அட்டையில் மூன்று வெவ்வேறு சாய்வுகளில் வரிசை வரிசையாகக் கீற்றுகள் வெட்டித் தொலைநோக்கியின் வாயில் மூட வேண்டும். அப்போது விண்மீனைச் சுற்றி மூன்று ஒளிக்கோடுகள் தோன்றும். இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல் நிற்க, மூன்றாவது கோடு குவியத்தைத் திருப்பும்போது இடம் மாறும். அது பெருக்கல் குறியின் மையத்தில் சரியாகச் செல்லும்போது குவியம் சரி. கைத்தொழில் வகுப்பில் மிஞ்சிய சார்ட் அட்டையிலேயே நாங்கள் இதனைச் செய்துகொண்டோம்.

ஒரு மணி நேரம் நல்ல படங்கள் வந்தன. பின்பு மெல்ல மங்கின. யாரும் எதையும் தொடவில்லை! பகலெல்லாம் வெயில் குடித்த மாடி இரவில் குளிர்ந்ததே காரணம். 800 மில்லிமீட்டர் எஃகுக் குழாய் ஒரு பாகை குளிர்ந்தால் சுமார் 0.01 மில்லிமீட்டர் சுருங்கும். ஐந்து பாகைக்கு 0.05. நமக்கு அனுமதிக்கப்பட்டதோ 0.04. லாம்டனின் சங்கிலிக்கு வந்த அதே தொல்லை. அரைமணிக்கு ஒருமுறை அட்டையை மாட்டிக் குவியத்தைத் திருத்தினோம். பனி படிந்த தட்டையாடிக்குக் கூந்தல் உலர்த்தியால் இளஞ்சூடு காட்டினோம்.

மற்றப் பள்ளி மாணவியர்க்குச் சில குறிப்புகள்

1. எல்லா விண்மீனும் ஒரே திசையில் நீண்டு, குறுகிய நேரப் படத்தில் சரியானால்: தாங்கியைப் பாருங்கள்.
2. நடுவில் உருண்டையாகவும், நான்கு மூலைகளிலும் வால் வெளிநோக்கியும் இருந்தால்: அது இயல்பான கோமா. அதற்கெனத் திருத்தும் வில்லை உண்டு.
3. நடுவிலேயே வால் இருந்தால்: ஆடிகளை நேராக்குங்கள்.
4. ஒரு பக்கம் கூர்மை, மறு பக்கம் மங்கல் என்றால்: காமிராவின் சாய்வைச் சோதியுங்கள்.
5. விண்மீன் முக்கோணமாகத் தெரிந்தால்: குழியாடியைப் பிடித்திருக்கும் கவ்விகள் இறுக்கமாக உள்ளன, சற்றுத் தளர்த்துங்கள்.
6. லேசரைக் கண்ணில் படவிடாதீர்கள். வானத்தை நோக்கியும் காட்டாதீர்கள். நம் தலைக்கு மேலே விமானங்கள் பறக்கின்றன.

உருண்டை விண்மீன் எதற்கு?

"வால் இருந்தால் என்ன, அழகாகத்தானே இருக்கிறது?" என்று வீட்டில் சிலர் கேட்டார்கள். விண்மீன் படம் அழகுக்கு மட்டும் அன்று, அளப்பதற்கும் ஆகும். வத்திக்கான் வானாய்வகத்தில் 1910 முதல் 1921 வரை மரியா பம்பினா சபையின் அருட்சகோதரியர் எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கான்செட்டா பினார்டி, லூயிஜா பன்செரி ஆகிய நால்வர், கண்ணாடித் தகடுகளில் பதிந்த 4,81,215 விண்மீன்களின் இடத்தை அளந்து பதிவு செய்தனர். புள்ளிக்கு வால் இருந்தால் அதன் மையம் எது? அவர்கள் பெயர்கள் 2016-இல்தான் வெளியுலகிற்குத் தெரியவந்தன.

நம் மாநிலத்திலும் இப்பணி நடந்தது. 1861-இல் சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 'ஏஷியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1988 பிப்ரவரி 17 அன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஷ்மிட் வகைத் தொலைநோக்கியால் ஆர். ராஜமோகன் கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. அதே காவலூரில் 1986 ஜனவரி 6 முதல் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. இந்தியாவிலேயே தேய்த்து மெருகேற்றிய அதன் 2.34 மீட்டர் ஆடியின் குவிய விகிதம் 3.25. எங்கள் சிறு கருவியைவிட வேகமானது. ஆகவே எங்கள் தொல்லைகளைவிடப் பெரிய தொல்லைகளை அதனை அமைத்தவர்கள் வென்றிருக்கிறார்கள். சென்னையில் 1927-இல் பிறந்த வைணு பாப்பு அதனைக் காணாமலே 1982-இல் மறைந்தார் என்று படித்தபோது எங்கள் மனம் கனத்தது.

எங்கள் படத்தை எதிர்ப்பக்கத்தில் காணலாம். மூலைகளில் இன்னும் சிறு வால் உண்டு; திருத்தும் வில்லை எங்களிடம் இல்லை. ஆனால் நெபுலாவின் நடுவை உற்றுப் பாருங்கள். 'டிரப்பீசியம்' எனப்படும் நான்கு இளம் விண்மீன்கள் தனித்தனியே தெரியும். முதல் இரவின் படத்தில் அவை ஒரே கறையாக இருந்தன.

தொலைநோக்கி மூட்டை கட்டப்படவில்லை. வானம் தெளிந்த சனிக்கிழமை இரவுகளில் மாடியில் இருக்கும், பெற்றோர்களும் வரலாம். பிலிம் டப்பாவைச் சிஸ்டர் பத்திரமாக வைத்திருக்கிறார்.